ஃபாரம் த்ரீ

உடன்குடி, பரமன்குறிச்சி, மெஞ்ஞானபுரம் பக்கம் சாயங்காலம் நெட் கட்டி வாலிபால் ஆடுகிற பையன்களிடம் ஒலிம்பிக்ஸைப் பற்றிப் பேசினால் மரியாதைக்குக் கேட்டுக்கொள்வார்கள். ஃபாரம் த்ரீ என்றால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு வருவார்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு விண்ணப்பிக்கிறவர் இணைக்க வேண்டிய சான்றிதழ்ப் படிவங்களில் அது மூன்றாவது. நாட்டுக்காக ஆடியவருக்கு முதல் படிவம், மாநிலத்துக்காக ஆடியவருக்கு இரண்டாவது, பல்கலைக்கழகத்துக்காக ஆடியவருக்கு மூன்றாவது. முதலாவது கனவு. இரண்டாவதற்குத் திறமை இருந்தால் மட்டும் போதாது, சென்னையில் நாலு பேரைத் தெரிந்திருக்கவும் வேண்டும் என்பது பையன்களின் நம்பிக்கை. மூன்றாவதுதான் நம்மூர் பஸ் போகிற தூரத்தில் இருக்கிறது. திருச்செந்தூரிலோ நாசரேத்திலோ பாளையங்கோட்டையிலோ ஒரு கல்லூரியில் சேர்ந்து, மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக அணியில் இடம் பிடித்து, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடிவிட்டு வந்தால் அந்தத் தாளுக்கு வழி பிறக்கும்.

தாள் எதற்கு? இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் விளையாட்டு வீரர்களுக்கு 10 சதவீத இடம் உண்டு. தமிழக அரசின் மற்றப் பணிகளில் 3 சதவீதம். ரயில்வே, அஞ்சல் என்று மத்திய அரசின் வரிசை தனி. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. காவலர் வேலைக்குக் கேட்கிற படிப்பு பத்தாம் வகுப்புத் தேர்ச்சிதான். பி.ஏ.வோ பி.காமோ சேர்ந்த பையனுக்கு அந்த மூன்றாண்டுப் பாடத்தில் ஒரு வரியும் தேவைப்படாது. அவனுக்கு வேண்டியது கல்லூரியின் பெயரும் பல்கலைக்கழகத்தின் முத்திரையும். கல்லூரிக்கு வேண்டியது அவனுடைய காலும் தோளும் மூச்சும். இரண்டு பேருக்கும் ஏற்பாடு பொருந்திவிட்டது. வகுப்பறைக்கு மட்டும் அதில் வேலையே இல்லை.

நான் இந்தப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் பொருளாதாரம் நடத்தியவன். ஜூனில் பெயர்ப் பட்டியல் வரும்போதே சில பெயர்களுக்கு எதிரே ஸ்போர்ட்ஸ் என்று எழுதியிருக்கும். ஆகஸ்டு, செப்டம்பரில் கல்லூரிகளுக்கிடையே போட்டிகள். பிறகு பல்கலைக்கழக அணித் தேர்வு, பயிற்சி முகாம், வெளிமாநிலத்துக்கு ரயில். செமஸ்டர் தேர்வு வருவதும் அந்தச் சமயத்தில், நவம்பரில்தான். வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே ஓடி, ஓடி, ஓடி என்று வரிசையாக நிற்கும். ஓடி என்றால் ஆன் டியூட்டி. அதைப் போட்டால் வகுப்புக்கு வந்ததாகக் கணக்கு. செமஸ்டர் முடிகிற சமயம் பி.டி. சார் வந்து நிற்பார், இன்டர்னல் மார்க்குக்காக. ஆசிரியர் அறையில் யாரும் மறுக்க மாட்டார்கள். "பாவம் சார், நமக்காக ஆடுதான். போட்டு விடுங்க."

அந்தப் பரிவு நாளாக ஆக எனக்குக் கசந்தது. இரக்கம் கால்வாசி என்றால் அலட்சியம் முக்கால்வாசி. இவனுக்குப் படிப்பு வராது, இவனுக்கு அது வேண்டியதும் இல்லை என்று ஒரு தீர்மானம் அதற்குள் இருந்தது. அந்தத் தீர்மானத்தை எடுத்தபோது அவனை யாரும் கேட்கவில்லை. அவன் அப்பா கேட்டார். பனை ஏறுகிறவர். கருப்பட்டி விற்றுவிட்டு வந்த நாளில் கல்லூரி வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார். "சார், பய கிளாசுக்கு வாரானா?" கோப்பை வாங்கினானா என்று அவர் கேட்கவில்லை என்பதை நான் கவனித்தேன்.

இதே ஏற்பாட்டில் பெரும் பணம் புகுந்தால் என்ன ஆகும் என்று பார்க்க அமெரிக்காவுக்குத்தான் போக வேண்டும். அங்கே பல்கலைக்கழகங்களின் அமெரிக்கக் கால்பந்து மைதானங்கள் சிலவற்றில் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். மிச்சிகன் பல்கலைக்கழக மைதானம் அப்படி ஒன்று. பெரும்பாலான மாநிலங்களில் அரசுச் சம்பளம் வாங்குகிறவர்களிலேயே மிக அதிகம் வாங்குகிறவர் ஆளுநரோ துணைவேந்தரோ இல்லை, அரசுப் பல்கலைக்கழக அணியின் கோச். ஆண்டுக்கு ஒரு கோடி டாலருக்கு மேல் வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். தொலைக்காட்சி உரிமை, டிக்கெட், பனியன் விற்பனை என்று பணம் கொட்டியது. ஆடிய பையன்களுக்குச் சம்பளம் கிடையாது. படிப்புச் செலவு, தங்குமிடம், சாப்பாடு. மீதி எல்லாம் விளையாட்டின் தூய்மைக்காக விட்டுவைக்கப்பட்டது.

அந்தத் தூய்மையின் விலை 1955-லேயே தெரிந்துவிட்டது. கொலராடோவில் ஃபோர்ட் லூயிஸ் என்ற சிறிய கல்லூரி. அதன் அணிக்காக ஆடிய ரே டென்னிசன் ஆட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். வேலையில் இறந்த தொழிலாளியின் குடும்பத்துக்குக் கிடைக்கிற இழப்பீட்டை அவர் மனைவி கேட்டார். 1957-இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. கல்லூரி நடத்துவது கால்பந்துத் தொழில் இல்லை, ஆகவே இறந்தவர் தொழிலாளியும் இல்லை என்பது காரணம். மாணவன் என்ற அந்தஸ்து அவருக்குப் பாடத்தைத் தந்ததோ இல்லையோ, கல்லூரியை இழப்பீட்டிலிருந்து காப்பாற்றிக் கொடுத்தது. 1973-இல் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தார் இன்னொன்று செய்தார்கள். நாலு வருடத்துக்கென்று கொடுத்துவந்த விளையாட்டு உதவித்தொகையை ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பதாக மாற்றினார்கள். அடிபட்டவன், ஆட்டம் குறைந்தவன், கோச்சுக்குப் பிடிக்காதவன் எல்லோரையும் அடுத்த ஜூனில் வாசலுக்கு அனுப்ப வசதி.

பிறகு நீதிமன்றங்கள் மனம் மாறின. 2021-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் வீரர்கள் பக்கம் தீர்ப்பளித்தார்கள். அதே ஆண்டு ஜூலையிலிருந்து தன் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்து வீரர்கள் சம்பாதிக்கலாம் என்றானது. 2025 ஜூன் 6 அன்று நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் கொடுத்த சமரசம் இன்னும் ஒரு படி மேலே போனது: முன்பு ஆடியவர்களுக்கு ஏறக்குறைய 280 கோடி டாலர் நிலுவை, இனிமேல் ஆடுகிறவர்களுக்குப் பல்கலைக்கழகமே நேரடியாகப் பணம் கொடுக்கலாம், முதல் ஆண்டுக்கு ஒரு பல்கலைக்கழகத்துக்கு உச்சவரம்பு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர்.

நியாயம்தான். உழைத்தவனுக்குக் கூலி வேண்டாம் என்று பனங்காட்டில் பிறந்த நான் எப்படிச் சொல்வேன். ஆனால் கூலி வந்ததும் பாடம் வந்துவிடவில்லை. 2024-இலிருந்து அங்கே வீரர்கள் எத்தனை முறை வேண்டுமானாலும் பல்கலைக்கழகம் மாறலாம். நாலு ஆண்டில் மூன்று கல்லூரிக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் அதிகப் பணம், ஒவ்வொரு முறையும் பாதியில் விட்ட பாடங்கள். பணம் கொடுக்காத காலத்தில் கல்வி தருகிறோம் என்று சொல்லியாவது தப்பித்தார்கள். இப்போது அந்தப் பேச்சுக்கும் தேவை குறைந்துவிட்டது.

அந்தக் கல்வி எப்படி இருந்தது என்பதற்கு வட கரோலினா பல்கலைக்கழகக் கதை ஒன்று போதும். சாப்பல் ஹில் ஊரில் இருக்கும் அது, அமெரிக்காவின் பெயர்பெற்ற அரசுப் பல்கலைக்கழகங்களில் ஒன்று. கூடைப்பந்தில் மைக்கேல் ஜோர்டான் ஆடிய இடம். 1993 முதல் 2011 வரை, பதினெட்டு ஆண்டுகள், ஆப்பிரிக்க-அமெரிக்க ஆய்வுத் துறையில் கூடாத வகுப்புகள் நடந்தன. ஆசிரியர் கிடையாது, பாடவேளை கிடையாது. முடிவில் ஒரு கட்டுரை கொடுத்தால் போதும். அதைத் திருத்தி மார்க் போட்டவர் பேராசிரியர் இல்லை, அலுவலக நிர்வாகி. தாராளமாகப் போட்டார். 2014-இல் வந்த விசாரணை அறிக்கைப்படி 3,100 மாணவர்களுக்கு மேல் அந்த வகுப்புகளில் சேர்ந்தார்கள். ஏறத்தாழப் பாதிப் பேர் அணிகளில் ஆடியவர்கள். கடைசியில் 2017-இல் கல்லூரி விளையாட்டுச் சங்கம் பல்கலைக்கழகத்துக்குத் தண்டனை எதுவும் விதிக்கவில்லை. மற்ற மாணவர்களும் அதே வகுப்புகளில் இருந்ததால் அது விளையாட்டு வீரர்களுக்கென்று கொடுத்த சலுகை ஆகாதாம்!

அந்த அறிக்கையைப் பற்றி வாசித்தபோது எனக்குக் கோபத்துக்கு முன்னால் பரிச்சயம்தான் வந்தது. அங்கே ஒரு கட்டுரையாவது எழுதினார்கள். இங்கே ஓடி மட்டும்.

இன்னொரு விசித்திரம். எங்கள் பையன்கள் ஆடுகிற வாலிபால், பாடத்தோடு சேர்ந்துதான் கடல் கடந்து வந்தது. 1895-இல் அமெரிக்காவின் ஹோலியோக் நகரத்து ஒய்.எம்.சி.ஏ.வில் வில்லியம் மார்கன் என்பவர் உருவாக்கிய ஆட்டம் அது. உடம்பு, அறிவு, ஆன்மா மூன்றையும் ஒன்றாக வளர்ப்பது என்ற கொள்கையோடு ஒய்.எம்.சி.ஏ.க்காரர்கள் இந்த ஆட்டங்களை உலகமெல்லாம் கொண்டுபோனார்கள். ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் சென்னைக்கு வந்து 1920-இல் உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்குப் போன இந்திய அணிக்கு அவர்தான் மேலாளர். உடற்பயிற்சி ஆசிரியர் என்ற ஒருவர் நம் பள்ளிகளில் நிற்பதற்கு அவரும் அவர் மாணவர்களும் பெரிய காரணம். அவர்களுடைய எண்ணத்தில் மைதானம் பள்ளியின் ஒரு வகுப்பறை. வகுப்பறைக்குப் பதிலாக மைதானம் என்று அவர்கள் நினைக்கவே இல்லை.

தெற்கே அந்த விதை நன்றாகவே பிடித்தது. காயாமொழிக்காரரான சி.பா. ஆதித்தனார் திருச்செந்தூரில் 1965-இல் கல்லூரி தொடங்கினார். அவர் மகன் சிவந்தி ஆதித்தன் 1987 முதல் 1996 வரை இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் தலைவர், வாலிபால் கூட்டமைப்புக்கும் தலைவராக இருந்தவர். அவர் பெயரில் திருச்செந்தூரிலேயே உடற்கல்வியியல் கல்லூரி இருக்கிறது. கோவில்பட்டியை ஹாக்கிப்பட்டி என்று சொல்கிற அளவுக்கு அங்கே ஹாக்கி. தாமிரபரணிப் பக்கம் மணத்தியிலிருந்து போன கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் கபடித் தங்கம் வென்ற அணியில் ஆடி அர்ஜுனா விருது வாங்கினார். 2025 தீபாவளிக்கு வந்த 'பைசன்' படத்துக்கு அவர் வாழ்க்கைதான் தூண்டுதல். படம் வருவதற்கு முன்பே எங்கள் பக்கம் மின்னொளி கபடிப் போட்டி நோட்டீசுகளில் அவர் பெயர் இருந்தது. அந்தத் தலைமுறைக்கு விளையாட்டின் முடிவு வேலை. மின்வாரியம், காவல்துறை, ஐ.சி.எஃப்., வங்கிகள் என்று துறைக்கு ஒரு அணி, அணிக்கு ஆள், ஆளுக்குச் சம்பளம். அந்தக் கதவுகள் இப்போது அவ்வளவு அகலமாகத் திறப்பதில்லை. ஃபாரம் த்ரீயின் மேல் இத்தனை பாரம் ஏறியதற்கு அதுவே காரணம்.

பெரும் பணம் நம் நாட்டிலும் விளையாட்டுக்குள் வந்துவிட்டது. ஆனால் அது கல்லூரிக்குள் வரவில்லை, கல்லூரியைத் தாண்டிப் போகிறது. 2008-இல் ஐ.பி.எல்., 2014-இல் புரோ கபடி. 2022-இல் தமிழ் தலைவாஸ் அணி பவன் செராவத் என்ற ஒரே ரெய்டரை 2 கோடியே 26 லட்சத்துக்கு எடுத்தது. 2024 ஏலத்தில் ராஜஸ்தான் ராயல்ஸ் 13 வயது வைபவ் சூர்யவன்ஷியை 1 கோடியே 10 லட்சத்துக்கு எடுத்தது. ஏலத்தில் எடுக்கப்பட்டவனுக்குக் கல்லூரியின் முத்திரை எதற்கு? ஆகவே நம் கல்லூரிகளுக்குக் கிடைப்பது ஏலத்தில் போகாத நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர். அமெரிக்கப் பல்கலைக்கழகம் வீரனை வைத்துக் கோடிகள் சம்பாதிக்கிறது. நம் கல்லூரி சம்பாதிப்பது ஒரு கோப்பை, ஒரு பிளெக்ஸ், தர மதிப்பீட்டுக் குழு வரும்போது காட்ட நாலு பக்கம். இத்தனை மலிவாகப் போகிறான் பையன்.

வடக்கே போட்டி பெரிது. பல்கலைக்கழகங்களில் விளையாட்டில் முதலிடம் பெறுவதற்கு அபுல் கலாம் ஆசாத் கோப்பை என்று ஒன்று 1956-57 முதல் இருக்கிறது. பல காலம் பஞ்சாபின் அரசுப் பல்கலைக்கழகங்களே அதை மாற்றி மாற்றி வாங்கின, அமிர்தசரஸின் குரு நானக் தேவ் பல்கலைக்கழகம் எல்லோரையும் விட அதிகமுறை. 2024-க்கான கோப்பை சண்டிகர் பல்கலைக்கழகத்துக்கும் இரண்டாமிடம் லவ்லி புரொபஷனல் பல்கலைக்கழகத்துக்கும் போயின. இரண்டும் தனியார். டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்ததும் நீரஜ் சோப்ராவும் ஹாக்கி அணியினர் பலரும் எங்கள் மாணவர்கள் என்று லவ்லி விளம்பரம் செய்தது. பட்டியலில் பெயர் இருந்தது உண்மை. ஆண்டில் பெரும்பகுதி தேசியப் பயிற்சி முகாமில் இருக்கிற ஹாக்கி வீரர் எந்தப் பாடவேளையில் உட்கார்ந்திருப்பார் என்பதை மட்டும் வாசகர் யோசித்துக்கொள்ளலாம். சென்னையை ஒட்டிய எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகத்தின் வாலிபால் அணி பல்கலைக்கழகங்களுக்கிடையே அகில இந்தியப் பட்டம் பலமுறை வென்றிருக்கிறது. அப்படிப்பட்ட அணிகளுக்காகத் தென்மாவட்டக் கிராமங்களில் ஆள் பார்த்துப் போகிறவர்களை எல்லோருக்கும் தெரியும். இலவச சீட், ஹாஸ்டல், மெஸ், ஷூ. பத்தாயிரம் ரூபாய் கட்ட முடியாத வீட்டுக்கு அது கதவு திறந்த மாதிரிதான். இதைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது.

ஏனென்றால் எதிர்த்தரப்பு வாதத்தையும் நான் ஆசிரியர் அறையில் நிறையக் கேட்டிருக்கிறேன். விளையாடுகிறவன் மைதானத்துக்குப் போகட்டும், படிக்கிறவன் கல்லூரிக்கு வரட்டும் என்பார்கள். அந்த யோசனையை ஒருவர் நிஜமாகவே செய்து பார்த்தார். சிகாகோ பல்கலைக்கழகம் ஒரு காலத்தில் கால்பந்தில் கொடிகட்டிப் பறந்தது. அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் மிகப் பெரிய தனிநபர் விருதான ஹைஸ்மன் கோப்பையை 1935-இல் முதன்முதலாக வாங்கியவர் அங்கே ஆடிய ஜே பெர்வாங்கர். நாலே ஆண்டில், 1939-இல், தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ் கால்பந்து அணியையே கலைத்துவிட்டார். மைதானம் காலியானது. 1942 டிசம்பர் 2 அன்று அந்த மைதானத்தின் மேற்குப் பார்வையாளர் மேடைக்கு அடியில்தான் என்ரிக்கோ ஃபெர்மி குழுவினர் மனிதர் கட்டுப்படுத்திய முதல் அணுத் தொடர்வினையை நடத்தினார்கள்.  

ஹட்சின்ஸ் செய்தது துணிச்சல். ஆனால் சிகாகோவில் படித்தவர்களுக்குக் கால்பந்து இல்லாவிட்டாலும் கல்லூரி இருந்தது. இங்கே விளையாட்டு இடத்தை மூடினால் பனையேறியின் மகனுக்கும் கட்டுமரக்காரரின் மகளுக்கும் கல்லூரியே மூடிவிடும். அதிலும் பெண்களுக்கு. எங்கள் பக்கத்து வீடுகளில் மகளை வெளியூர் ஹாஸ்டலில் விட ஒப்புக்கொள்ள வைக்கிற சில காரணங்களில் ஸ்போர்ட்ஸ் சீட் ஒன்று. மூன்றாண்டு கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போடுகிற சக்தி ஒரு யூனிவர்சிட்டி பனியனுக்கு உண்டு. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டில் கண்ணகி நகர் கார்த்திகா கபடித் தங்கம் வென்றபோது, எத்தனை சமையலறைகளில் அந்தப் பேச்சு தள்ளிப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டையும் சேர்த்துச் சாதித்தவர்களை உதாரணம் காட்டுவது நம் வழக்கம். கிரிக்கெட்டின் வெங்கட்ராகவனும் ஸ்ரீகாந்தும் கிண்டியில் பொறியியல் படித்தார்கள். அஸ்வின் எஸ்.எஸ்.என்.னில் ஐ.டி. படித்தார். டேபிள் டென்னிஸ் சத்தியன் பொறியியல் பட்டதாரி. சரி. அவர்கள் வீட்டிலேயே இன்னொரு கல்லூரி இருந்தது. வகுப்புக்குப் போகாத நாளின் பாடத்தை எங்கே பிடிப்பது என்று தெரிந்த வீடுகள் அவை. குகேஷ் நாலாம் வகுப்புக்குப் பிறகு முழுநேரப் பள்ளியை நிறுத்திவிட்டு 2024 டிசம்பரில் 18 வயதில் சதுரங்க உலக சாம்பியன் ஆனார். அப்பாவும் அம்மாவும் மருத்துவத் துறை. சதுரங்கம் கைகொடுக்காமல் போயிருந்தாலும் அந்தக் குழந்தை மறுபடி பள்ளிக்குப் போக வழி இருந்தது. துணிந்து விடுவதற்கும் ஒரு வசதி வேண்டும். சென்னை ஐ.ஐ.டி. 2024-25 முதல் ஒவ்வொரு இளநிலைப் படிப்பிலும் விளையாட்டுக்கு இரண்டு கூடுதல் இடம் வைத்து, அதில் ஒன்றைப் பெண்களுக்கு ஒதுக்கியிருக்கிறது. நுழைவுத் தேர்வில் தேறியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. நல்ல ஏற்பாடு. தேரிக்காட்டுக் கபடிக்காரனுக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது.

இவன் கதை வேறு. எனக்குத் தெரிந்த இரண்டு பேரைச் சொல்கிறேன். ஒருவன் கபடியில் லெஃப்ட் கார்னர். எதிராளியின் கால் எந்தக் கணத்தில் தரையை விடும் என்று அவனுக்கு முன்கூட்டியே தெரியும். எப்படியடா என்று கேட்டால், "அவன் மூச்ச வச்சுத்தான் சார்" என்பான். போனஸுக்குப் போகலாமா, பொறுக்கலாமா, இத்தனை பேர் மிச்சம், இத்தனை நொடி மிச்சம் என்று முப்பது நொடிக்குள் எதிராளி போடுகிற கணக்கையும் சேர்த்துப் போடுவான். என் பாடத்தில் நிச்சயமின்மையில் முடிவெடுத்தல் என்று ஓர் அத்தியாயம் உண்டு. அதை அவனை முன்னிறுத்தி ஒருநாள் நடத்தினேன். வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. அவன் வெட்கப்பட்டுச் சிரித்தான். அந்த அத்தியாயத்தில் அவன் ஒழுங்காகவே எழுதினான். பிறகு போட்டிகள் தொடங்கிவிட்டன. இரண்டாம் ஆண்டு பயிற்சி ஆட்டத்தில் முழங்கால் தசைநார் அறுந்தது. விடுமுறை முடிந்து நொண்டிக்கொண்டு வந்தவனிடம் அலுவலகத்தில் பழைய கடிதத்தைக் காட்டினார்கள். கல்லூரி அணிக்கு ஆடும் வரைதான் கட்டணச் சலுகை என்று அதில் இருந்தது. அவன் இப்போது சென்னையில் சொந்தக்கார அண்ணாச்சியின் மளிகைக் கடையில் நிற்கிறான். 1973-இல் அமெரிக்கர்கள் போட்ட விதியை இங்கே யாரும் படித்துவிட்டு எழுதியிருக்க மாட்டார்கள். கைக்கு வசதியான அநியாயத்துக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை.

இன்னொருவனுக்கு எல்லாம் கூடி வந்தது. அணி, தென்மண்டலம், ஃபாரம் த்ரீ, காவலர் வேலை. கல்லூரி வாசலில் அவனுக்குப் பிளெக்ஸ் வைத்தார்கள். திருச்செந்தூர்க் கந்தசஷ்டி பந்தோபஸ்தில் அவனைப் பார்த்தேன். சார் என்று சல்யூட் அடித்துவிட்டு மெதுவாகக் கேட்டான். எஸ்.ஐ. தேர்வு எழுத டிகிரி கேட்கிறார்கள், அவனுக்கு இன்னும் அரியர் கிடக்கிறது, பாடத்திட்டமும் மாறிவிட்டது, புத்தகம் ஏதாவது இருக்கிறதா என்று. அதில் இரண்டு பேப்பர் என்னுடையவை. இன்டர்னல் மார்க் எல்லாம் அவனுக்கு நிறைய இருந்தது. எழுத்துத் தேர்வில் பல்கலைக்கழகம் கேட்ட கேள்விக்கு ஓடி பதில் சொல்லாது.

அவன் தோற்றவன் இல்லை. சம்பளம் வாங்குகிறான், தங்கையைக் கட்டிக்கொடுத்தான், ஊரில் அவனைப் பார்த்து நாலு பையன்கள் அதிகாலையில் ஓடுகிறார்கள். அதனால்தான் அவன் கேள்வி எனக்கு முக்கியம். முழங்கால் போனவன் விஷயத்தில் கல்லூரி இரக்கமில்லாமல் நடந்தது என்று சொல்லிவிட்டுப் போகலாம். இவன் விஷயத்தில் எல்லாரும் இரக்கத்தோடுதான் நடந்தார்கள். இருந்தும் அவனுக்கு வர வேண்டியது வரவில்லை.

பனை ஏற்றத்தில் வாரம் என்று ஓர் ஏற்பாடு உண்டு. மரம் உடையவருக்கு ஒரு பங்கு, ஏறி இறக்குகிறவருக்கு ஒரு பங்கு. பங்கின் அளவில் சண்டை வரும், வழக்கு வரும், ஏமாற்றும் நடக்கும். ஆனால் ஏறுகிறவரின் பங்கு பதநீராகவோ கருப்பட்டியாகவோதான் இருக்கும். பங்குக்குப் பதில் பங்கு கொடுத்ததாக நோட்டில் ஒரு கோடு போட்டுவிட்டால் ஏறுகிறவர் அரிவாள்பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு நியாயம் கேட்பார். கல்லூரியிடம் இருக்கிற சரக்கு பாடம். அணிக்காக ஆடுகிறவனுக்கு அது தர வேண்டிய பங்கும் பாடம்தான். ஓடி என்பது நோட்டில் போட்ட கோடு.

நவம்பரில் பாடம் நடத்த முடியாது என்பது எனக்குத் தெரியும். பாட்டியாலாவுக்கு ரயிலில் போகிறவன் கையில் புத்தகத்தைத் திணித்தாலும் அவன் தூங்கத்தான் செய்வான், தூங்க வேண்டியதும்தான். இரண்டையும் ஒரே மூன்று ஆண்டுக்குள் நுழைக்கப் பார்ப்பதில்தான் கோளாறு. அவனுக்கு ஐந்து ஆண்டு கொடுங்கள். ஆடுகிற செமஸ்டரில் இரண்டு பேப்பர் எழுதட்டும், ஆடாத கோடையில் மூன்று. அணியை விட்டு இறங்கிய பிறகு வந்து மீதியை முடிக்கட்டும், அதே சலுகையில். இதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம், பெரிய பணம் வேண்டாம். கல்லூரியும் பல்கலைக்கழகமும் சேர்ந்து எடுக்கிற ஒரு தீர்மானமும், கோடையில் நாலைந்து ஆசிரியர்களுக்கு மதிப்பூதியமும் போதும். பி.டி. சார்கள் இதை எதிர்க்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். பையன்களின் அரியர் கணக்கு பாட ஆசிரியர்களைவிட அவர்களுக்குத்தான் மனப்பாடம்.

இத்தனை கோடியில் புரளுகிற, இத்தனை மோசடிகளைப் பார்த்த அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கமே 2024 ஆகஸ்டிலிருந்து ஒரு விதி வைத்திருக்கிறது. அடிபட்டதற்காகவோ ஆட்டம் குறைந்ததற்காகவோ அதன் முதல் பிரிவுப் பல்கலைக்கழகங்கள் உதவித்தொகையைக் குறைக்கவோ நிறுத்தவோ கூடாது. விளையாடும்போது பட்ட காயத்துக்கு, கல்லூரியை விட்ட பிறகும் குறைந்தது இரண்டு ஆண்டு மருத்துவச் செலவை ஏற்க வேண்டும். முழு உதவித்தொகையில் ஆடிவிட்டுப் படிப்பை முடிக்காமல் போனவர் பத்து ஆண்டுக்குள் திரும்பி வந்தால் முடிக்கப் பணம் கொடுக்க வேண்டும்.

மே மாதம் பிளஸ் டூ முடிவு வந்ததும் எங்கள் பக்கம் மறுபடி ஆள் பார்க்க வருவார்கள். உங்கள் வீட்டுப் பையனுக்கோ பெண்ணுக்கோ ஸ்போர்ட்ஸ் சீட் என்று கடிதம் வந்தால் சந்தோஷப்படுங்கள், சேர்த்தும் விடுங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இரண்டு கேள்வி மட்டும் கேளுங்கள். முட்டி போனால் இந்தச் சலுகை இருக்குமா? அரியர் வைத்துவிட்டு வேலைக்குப் போனால் பிறகு வந்து இதே சலுகையில் படிக்கலாமா? பதிலை வாய்ப்பேச்சாக வாங்காதீர்கள். முதல்வர் கையெழுத்தோடு தாளில் வாங்குங்கள்.